குதிரைக்கு நம்மை எப்படித் தெரிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லாயம். ஐந்து குதிரைகள். சவாரி கற்றுக்கொள்ளலாம் என்று போனவன் நான். ஏழு வருடம் ஆகியும் சவாரி சுமார்தான், லத்தி அள்ளுவதில் மட்டும் கைதேர்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் சுற்றிச்சுற்றி அதே கேள்விகள்தான். வேலிப் பக்கம் நின்று சொன்ன பதில்களையும், ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டுபிடித்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

குதிரைக்கு ஆளைத் தெரியுமா, இல்லை கையில் இருக்கிற கேரட் மட்டும்தான் தெரியுமா?

கேரட் நன்றாகவே தெரியும். ஆளும் தெரியும்.

எங்கள் லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பழைய டிவிஎஸ் ஃபிஃப்டியில் வருவார். வண்டி மெயின் ரோட்டிலிருந்து மண் பாதைக்குத் திரும்பும்போதே ராணியின் காது இரண்டும் அந்தப் பக்கம் நிமிர்ந்துவிடும். ராணி காத்தியவாரி இனத்துப் பெட்டைக் குதிரை. காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றை ஒன்று தொடும். ஒருநாள் அண்ணனுக்குக் காய்ச்சல், அதே வண்டியில் அவர் மகன் வந்தான். வழக்கம்போல் காது நிமிர்ந்தது, தலையும் நிமிர்ந்தது. பையன் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததும் ராணி அப்படியே நின்று அவனைப் பார்த்தது. நன்றாக நீளமான பார்வை. பிறகு ஒரு மூச்சை விட்டுவிட்டுப் புல்லுக்குத் திரும்பிக்கொண்டது. அன்றைக்குத் தீனி போட்டது அந்தப் பையன்தான், அது வேறு விஷயம்.

சத்தம் ஒருவரைச் சொல்கிறது, கண்முன் வருவது வேறொருவர். அப்போது குதிரை குழம்புகிறது. இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் லீன் ப்ரூப்ஸ், கேரன் மெக்கோம்ப் குழுவினர் இதையே முறையான சோதனையாகச் செய்தார்கள். 2009-இல் வந்தது குதிரைகளை வைத்தே செய்தது. மந்தையில் ஒரு குதிரையை இன்னொன்றின் முன்னால் நடத்திப்போய்த் தடுப்புக்குப் பின்னால் மறைத்துவிட்டு, அங்கிருந்து ஒரு கனைப்பை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். போன குதிரையின் கனைப்பே வந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. வேறு குதிரையின் கனைப்பு வந்தால் சட்டென்று திரும்பி அதிக நேரம் பார்த்தன. 2012-இல் மனிதர்களை வைத்துச் செய்தார்கள். குதிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நிற்க, நடுவில் இருக்கும் ஒலிபெருக்கியில் ஒருவரின் குரல் மட்டும் வரும். குரலுக்கு உரியவர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கம்தான் குதிரைகள் அதிகம் பார்த்தன. குரலும் உருவமும் அதன் மனதில் ஒரே ஆளாகச் சேர்ந்து கிடக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கஷ்டம்.

அதன் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிவோம்?

முதலில் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நமக்கு முன்னால், குதிரைக்குத் தலையின் இரண்டு பக்கத்திலும். புல்வெளியில் மேயும்போது எந்தத் திசையிலிருந்து புலி வந்தாலும் தெரிய வேண்டும் என்று அமைந்த கண். தரையில் வாழும் பாலூட்டிகளில் இவ்வளவு பெரிய கண் வேறு எதற்கும் இல்லை என்றே சொல்லலாம். தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 டிகிரி வரை அதற்குத் தெரியும். ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்ப்பது முன்னால் ஒரு 65 டிகிரி அளவுதான். மற்றதெல்லாம் ஒற்றைக் கண்ணால் பார்ப்பது.

அப்படியானால் தெரியாத இடம் எது? வாலுக்கு நேர் பின்னால் ஒரு துண்டு. அப்புறம், பலருக்கும் தெரியாதது: நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழேயும். உள்ளங்கையில் வெல்லம் வைத்து நீட்டுகிறீர்களே, வாய்க்கு அருகில் வந்தபிறகு அந்தக் கையைக் குதிரை பார்ப்பதே இல்லை. மீசை முடியாலும் மேலுதட்டாலும் தடவித்தான் எடுக்கிறது. ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிப் பாருங்கள். முதலில் சூடான மூச்சு வரும், பிறகு முள்ளு முள்ளாக நாலைந்து முடி, பிறகு வெல்வெட் மாதிரி உதடு உள்ளங்கையைத் துழாவும். விரலை மடக்காமல் தட்டையாக வையுங்கள் என்று நாங்கள் கத்துவது இதற்காகத்தான். விரலும் கேரட்டும் உதட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த மீசை முடியை அழகுக்காக மழித்துவிடும் பழக்கம் உலகம் முழுக்க இருந்தது. இப்போது சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, அப்படி மழித்த குதிரையைப் போட்டியில் சேர்ப்பதில்லை என்று 2021 ஜூலையிலிருந்து விதி வைத்திருக்கிறது. நல்ல விதி.

பார்வைக் கூர்மை நம்மைவிடக் கொஞ்சம் குறைவு. 30 அடியில் நமக்குத் தெளிவாகத் தெரிகிற நுணுக்கம் குதிரைக்குத் தெரிய 20 அடிக்கு வர வேண்டும். ஆனால் அசைவைக் கண்டுபிடிப்பதில் அது கில்லாடி. வேலியோரம் ஒரு பாலித்தீன் பை ஆடினால் போதும். இருட்டிலும் நம்மைவிட நன்றாகப் பார்க்கும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாறும்போது மட்டும் அதன் கண் பழக நம்மைவிட அதிக நேரம் ஆகிறது. பட்டப்பகலில் இருட்டான வண்டிக்குள் ஏறு என்றால் தயங்கி நிற்பது திமிரால் இல்லை.

சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வரலாமா?

தாராளமாக. சிவப்பு என்று அதற்குத் தெரியவே தெரியாது. நீலம், மஞ்சள் என்ற இரண்டு அச்சில்தான் குதிரையின் நிற உலகம் ஓடுகிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்காது. நாம் பளிச்சென்று நினைக்கிற ஆரஞ்சு நிறமும் அதற்குப் புல்லோடு கலந்துபோகும். பிரிட்டனில் தடை தாண்டும் பந்தயங்களில் பல காலமாகத் தடைகளுக்கு ஆரஞ்சு நிறப் பட்டைதான். ஜாக்கிக்கு நன்றாகத் தெரிந்தது, தாண்ட வேண்டிய குதிரைக்குத் தெரியவில்லை. எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியபிறகு 2022 முதல் வெள்ளைக்கு மாற்றத் தொடங்கினார்கள்.

முகத்தை மட்டும் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்கும், போட்டோவில் கூட. பிரான்சில் லியா லான்சாட் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் 11 பெட்டைக் குதிரைகளுக்குத் தொடுதிரையை மூக்கால் தொடப் பழக்கினார்கள். திரையில் இரண்டு முகம் வரும், சரியானதைத் தொட்டால் தீனி. முதலில் தெரியாத முகங்களை வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு ஒருநாள் அவற்றைப் பராமரிப்பவரின் படத்தையும் புதியவர் ஒருவரின் படத்தையும் காட்டினார்கள். பராமரிப்பவரின் படத்தை அதுவரை காட்டியதே இல்லை. ஆனாலும் பெரும்பாலும் அந்தப் படத்தையே தொட்டன. ஆறு மாதமாகக் கண்ணில் படாத பழைய பராமரிப்பாளரின் படத்தையும் விட்டுவிடவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது, போட்டோவில் வாசனை கிடையாது, குரல் கிடையாது, நடை கிடையாது என்பதுதான். பழைய குதிரைக்காரர்கள் பலர் 'அதெல்லாம் மோப்பம் சார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மோப்பம் மட்டும் இல்லை.

தொப்பி, கண்ணாடி, தாடி எல்லாம் மாறினால்?

அதே பிரெஞ்சுக் குழு அதையும் பார்த்தது. பக்கவாட்டு முகம், கறுப்பு வெள்ளைப் படம், கண்ணை மறைத்த படம், தலைமுடியை மாற்றிய படம் என்று எதைக் காட்டினாலும் குதிரைகள் பெரும்பாலும் சமாளித்துவிட்டன. மூக்கை மட்டும் அல்லது கண்ணை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்கவில்லை, முகத்தை மொத்தமாகவே எடுத்துக்கொள்கின்றன போலிருக்கிறது.

ஆனால் நேரில் ஒரு சிக்கல் உண்டு. மழைக்கோட்டு. அது சரசரவென்று சத்தம் போடும், காற்றில் உப்பும், ஆளின் உருவத்தையே மாற்றிவிடும். அண்ணனே ஒருமுறை மழைக்கோட்டோடு நுழைந்தபோது ராணி மூலைக்கு ஓடியது. அவர் 'ஏய், நான்தாம்மா' என்றார். குரல் கேட்டதும் நின்றது, ஆனால் பக்கத்தில் வந்தது கோட்டைக் கழற்றியபிறகுதான்.

பின்னால் போனால் உதைக்குமா?

தெரியாமல் போனால் உதைக்கலாம். நேர் பின்பக்கம் அதற்குத் தெரியாத இடம் என்று மேலே சொன்னேன். பேசிக்கொண்டே, முதுகில் கையை வைத்தபடி, உடம்போடு ஒட்டிச் சுற்றிப் போங்கள். இல்லையென்றால் கால் எட்டாத தூரத்தில் போங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து.

காது ஏன் அப்படித் திரும்பிக்கொண்டே இருக்கிறது?

ஒவ்வொரு காதும் தனித்தனியாக 180 டிகிரி வரை திரும்பும். மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால், குதிரைக்கு 55 முதல் 33,500 வரை. அதாவது அடித்தொண்டைச் சத்தத்தில் நாம் கொஞ்சம் மேல், கீச்சுச் சத்தத்தில் அது வெகுதூரம் மேல். ஆனால் ஒரு சத்தம் சரியாக எங்கிருந்து வந்தது என்று சொல்வதில் குதிரை மோசம். நமக்கு ஒரு டிகிரி வித்தியாசம் கூடத் தெரியும். அதற்கு 25 டிகிரி அளவுக்குத் தள்ளியிருந்தால்தான் தெரிகிறது. அதனால்தான் சத்தம் கேட்டதும் காதைத் திருப்பி, தலையைத் தூக்கி, கண்ணால் தேடுகிறது. காது செய்தியைச் சொல்லும், கண்தான் முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்களுக்கும் அந்தக் காது திசைகாட்டி முள் மாதிரி. குதிரையின் கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே அது காட்டும். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில் சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள், காத்தியவாரி என்றால் காதின் வளைவைப் பார்த்து விலை பேசுவார்கள். அந்தக் காது யார் பக்கம் திரும்புகிறது, யாரைக் கண்டால் பின்னால் படுத்துக்கொள்கிறது என்று பத்து நிமிடம் நின்று பார்த்தால், விற்பவர் சொல்லாத பலதும் தெரிந்துவிடும்.

நாம் பயந்தால் குதிரைக்குத் தெரிந்துவிடுமாமே?

ஞாயிற்றுக்கிழமை முதல் கேள்வியே இதுதான். வழக்கமாகக் கேட்பவர்தான் பயந்துபோயிருப்பார்.

ஸ்வீடனில் லிண்டா கீலிங் குழுவினர் 2009-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. குதிரையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சிலர் நடத்திப் போக வேண்டும், சிலர் ஏறி ஓட்டிப் போக வேண்டும். மொத்தம் நான்கு முறை. நான்காவது முறைக்கு முன்னால் மட்டும் அவர்களிடம், 'இந்தத் தடவை குதிரை கடந்து போகும்போது பக்கத்தில் ஒருவர் குடையை விரிப்பார்' என்று சொன்னார்கள். யாரும் குடையை விரிக்கவே இல்லை. ஆனால் அந்த நான்காவது முறை மனிதர்களின் இதயத்துடிப்பு ஏறியது. அவர்களோடு போன குதிரைகளுக்கும் ஏறியது. குதிரைக்குக் குடை பற்றி யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த ஆள் மாறிப்போனதை மட்டும் அது உணர்ந்தது.

எப்படி உணர்ந்தது? முதுகில் இருப்பவர் தொடையை இறுக்குகிறார், மூச்சை அடக்குகிறார், லகானைக் கொஞ்சம் குறுக்கிப் பிடிக்கிறார். ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் வெடவெடவென்று உதறும் மிருகம் அது. எழுபது கிலோ ஆள் இறுகுவது தெரியாமல் போகுமா?

வாசனையும் உண்டு. பயமுறுத்தும் படமும் சிரிப்புப் படமும் பார்த்தவர்களின் அக்குளில் வைத்த பஞ்சுத் துண்டுகளைக் குதிரைகளிடம் முகரக் கொடுத்து பிரான்சில் ஓர் ஆய்வு 2023-இல் வந்தது. இரண்டு வியர்வையும் வேறு வேறு என்று குதிரைகள் பிரித்தறிந்தன. ஆனால் இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பிரித்தறிந்தது என்றால் 'இவர் பயப்படுகிறார்' என்று அதற்குப் புரிந்தது என்று அர்த்தமில்லை. வாசனை மாறியது தெரிந்தது, அவ்வளவுதான். யூடியூபில் சிலர் இதை 'குதிரை உங்கள் மனதைப் படிக்கிறது' என்று ஆக்கிவிட்டார்கள்.

இன்னொன்று. நீங்கள் பயப்படுவது தெரிந்தால் குதிரை உங்களை ஏளனமாக நினைக்கும், ஏமாற்றும் என்பார்கள். அப்படி இல்லை. நீங்கள் பயந்தால் அதுவும் உஷாராகிறது. மந்தையில் ஒன்று தலை தூக்கினால் மற்றவையும் தூக்குமே, அந்தக் கணக்குதான்.

கணக்குப் போட்ட குதிரை பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். உண்மையா?

உண்மையிலும் ஒரு விதமான உண்மை. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குதிரை நம்மை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல கதை இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம், பெர்லின். வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற கணக்கு வாத்தியார் தன் குதிரை ஹான்ஸுக்குக் கரும்பலகை வைத்துப் பாடம் நடத்தினார். கூட்டல், கழித்தல், பின்னம், இன்றைக்கு என்ன தேதி, எல்லாவற்றுக்கும் ஹான்ஸ் முன்னங்காலால் தரையைத் தட்டி விடை சொல்லும். மூன்றும் நான்கும் எத்தனை என்றால் ஏழு தட்டு. வாத்தியார் காசு வாங்கவில்லை, வித்தை காட்டவில்லை, உண்மையிலேயே நம்பினார். ஊரே திரண்டது. 1904-இல் கார்ல் ஸ்டும்ப்ஃப் என்ற உளவியல் பேராசிரியர் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்தது. மோசடி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. வாத்தியார் இல்லாதபோது வேறு ஆட்கள் கேட்டாலும் ஹான்ஸ் சரியாகவே சொன்னது!

பிறகு ஸ்டும்ப்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் பொறுமையாக உட்கார்ந்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார். ஹான்ஸ் தோற்றது. கேட்பவர் கண்ணில் படாதபடி குதிரைக்குக் கண் மறைப்பைப் போட்டார். அப்போதும் தோற்றது. அப்படியானால் விடை குதிரையிடம் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது.

நடந்தது இதுதான். கேள்வியைக் கேட்டு முடித்ததும் ஆள் குதிரையின் காலைப் பார்க்கத் தன்னை அறியாமல் தலையை லேசாகக் குனிவார். ஹான்ஸ் தட்டத் தொடங்கும். சரியான எண் வந்த நொடியில் அந்த ஆளின் இறுக்கம் தளர்ந்து தலை துளி மேலே எழும். மில்லிமீட்டர் கணக்கில்தான். ஹான்ஸ் நிறுத்திவிடும். புருவம் உயர்வதும் மூக்கு விரிவதும் கூட அதற்குப் போதுமாக இருந்தன. சுற்றி நின்ற பேராசிரியர்கள், சர்க்கஸ் நிபுணர்கள் யார் கண்ணுக்கும் படாத அசைவு அது. ஃபுங்ஸ்ட் இந்த இரகசியத்தைக் கண்டுபிடித்தபிறகு தானே முயன்று பார்த்தார், அந்தக் குறிப்பைக் கொடுக்காமல் இருக்க அவராலேயே முடியவில்லை. 1907-இல் முடிவை வெளியிட்டார்.

வாத்தியார் கடைசிவரை ஏற்கவில்லை. குதிரைமேல் கோபப்பட்டார். 1909-இல் காலமானார். ஹான்ஸ் ஏமாற்றியது என்று அன்றைக்குப் பலர் சிரித்தார்கள். எனக்கென்னவோ, பின்னம் கூட்டுவதைவிட ஒரு மில்லிமீட்டர் தலையசைவில் ஒரு மனிதனின் எதிர்பார்ப்பைப் படிப்பதுதான் பெரிய படிப்பாகத் தோன்றுகிறது. இன்றைக்கும் விலங்குகளை வைத்துச் செய்யும் சோதனைகளில் விடை தெரிந்த ஆள் விலங்கின் கண்ணில் படக்கூடாது என்று பார்த்துக்கொள்கிறார்கள். அது ஹான்ஸ் வைத்த விதி.

கோபமாகப் பார்த்தால் புரியுமா?

புரிகிறது என்றுதான் தெரிகிறது. சஸ்ஸெக்ஸ் குழுவே 2016-இல் 28 குதிரைகளுக்கு முன்பின் தெரியாத ஆணின் பெரிய முகப் படங்களைக் காட்டியது. பல்லைக் கடித்த கோப முகம் வந்தால் குதிரைகள் தலையைத் திருப்பி இடது கண்ணால் பார்த்தன, இதயத்துடிப்பும் சீக்கிரம் ஏறியது. இடது கண்ணின் செய்தி பெரும்பாலும் மூளையின் வலது பக்கத்துக்குப் போகிறது. மிரட்டலைக் கவனிக்கும் வேலை அந்தப் பக்கத்துக்கு அதிகம். நாய்களிடமும் இதே போக்கு உண்டு.

2018-இல் இன்னொரு படி மேலே போனார்கள். காலையில் ஒருவரின் சிரித்த முகப் படத்தை அல்லது கோப முகப் படத்தைக் காட்டிவிட்டு, சில மணி நேரம் கழித்து அதே ஆளைச் சாதாரண முகத்தோடு நேரில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குதிரை எந்தப் படத்தைப் பார்த்தது என்று அந்த ஆளுக்கே தெரியாது (ஹான்ஸ் விதி!). கோபப் படத்தைப் பார்த்திருந்த குதிரைகள் அவரை இடது கண்ணால் அதிகம் பார்த்தன. ஒரே ஒரு போட்டோ, அதிலும் அந்தக் கோபம் குதிரைமேல் கூட இல்லை.

ஆபீஸில் சண்டை போட்டுவிட்டு நேராக லாயத்துக்கு வருகிறவர்களை அண்ணன் முதலில் தண்ணீர்த் தொட்டி கழுவ அனுப்புவார். இந்த ஆய்வெல்லாம் அவருக்குத் தெரியாது.

'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்கிறார்களே, குதிரை அவ்வளவு சுயநலமா?

பழமொழி மனிதனைத் திட்டத்தான் சொல்லப்பட்டது, பாவம் குதிரை. ஆனால் அதில் ஒரு சரியான கவனிப்பு இருக்கிறது: குதிரை எதோடு எதைச் சேர்த்து ஞாபகம் வைக்கிறது என்பது. பிரான்சின் ரென் நகரில் கரோல் சான்கி, மார்ட்டின் ஹவுஸ்பெர்ஜே குழுவினர் இளம் குதிரைகளைச் சொல்பேச்சுக் கேட்கப் பழக்கினார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தீனி, இன்னொரு கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. தீனி பெற்றவை வேகமாகக் கற்றன; அது எதிர்பார்த்ததுதான். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது கற்றதையும் மறக்கவில்லை. பழக்கிய ஆளிடம் மட்டும் இல்லாமல் புதிய ஆளிடமும் நெருங்கி வந்தன. 2010-இல் வெளியானது இது.

அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். ஓர் ஆள் செய்வதை மனிதக் கூட்டத்தின் கணக்கில் அது எழுதி வைக்கிறது. கெட்டதும் அதே கணக்கில்தான். வேறு ஊரிலிருந்து எங்களிடம் வந்த ஒரு குதிரை, யாராவது கையைத் தோளுக்கு மேல் தூக்கினாலே தலையை வெட்டி இழுத்துக்கொள்ளும். நாலு வருடம் ஆயிற்று. முந்தைய இடத்தில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

ஒரு பக்கம் பார்த்தது மறுபக்கக் கண்ணுக்குத் தெரியாது என்கிறார்களே?

தப்பு. குதிரை மூளையின் இரு பக்கத்துக்கும் இணைப்பு இருக்கிறது. எவலின் ஹாங்கி 1999-இல் ஒரு கண்ணை மூடிக் கற்றுக்கொடுத்துவிட்டு, மறு கண்ணை மட்டும் திறந்து சோதித்தார். குதிரைகள் சரியாகச் செய்தன. போகும்போது பயப்படாத பாறையைத் திரும்பி வரும்போது பார்த்து மிரள்வதற்கு எளிய காரணம் உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பாறையின் உருவமே வேறு.

குதிரை நம்மிடம் ஏதாவது சொல்ல முயலுமா?

ஜப்பானின் கோபேயில் ஒரு சோதனை. குதிரையால் திறக்க முடியாத வாளியில் கேரட்டை மறைத்தார்கள். பராமரிப்பவர் அதைப் பார்க்காதபோது, குதிரைகள் அவரைப் பார்ப்பதும் மூக்கால் தொடுவதும் தள்ளுவதும் அதிகமாயிற்று. அவருக்குத் தெரியும், தெரியாது என்ற வித்தியாசம் அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. நார்வேயில் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டி, போர்வை போடு, போர்வையை எடு, அப்படியே விடு என்று மூக்கால் தொட்டுச் சொல்லப் பழக்கினார்கள். 14 நாளில் எல்லாமே கற்றுக்கொண்டன. மழையும் குளிருமான நாளில் போர்வை கேட்டன, வெயில் நாளில் கழற்றச் சொல்லின. எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு பலகை போதும்.

முதல் தடவை வருகிறேன். எப்படிக் கிட்டே போவது?

நேர் முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். இடது தோள் பக்கமாக, கொஞ்சம் சாய்வாக நடந்து வாருங்கள். இடது பக்கத்திலிருந்து பழக்குவது உலகம் முழுக்க வழக்கம் என்பதால் பெரும்பாலான குதிரைகளுக்கு அது பழகிய பக்கம். வரும்போதே ஏதாவது பேசுங்கள். என்ன பேசினாலும் சரி, அதற்குத் தேவை குரல்தான். இரண்டடி தூரத்தில் நின்று புறங்கையை நீட்டுங்கள், முகரட்டும். மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று செல்ஃபி எடுக்காதீர்கள், வாசனையை உள்ளே இழுத்து ஆராய்கிறது.

நெற்றியைத் தட்டுவது எல்லோருக்கும் கை வருகிற பழக்கம். அங்கே வரும் கை அதற்குத் தெரியாது, திடீரென்று விழும். அதைவிட, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், பிடரி மயிரின் கடைசியில், விரல் நகத்தால் நன்றாகச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைகிறது என்று 1993-இலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். சரியான இடம் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்? மேலுதடு நீண்டு ஆடத் தொடங்கும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருமா?

'ராணி' என்று நான் கூப்பிட்டால் ஒரு காது மட்டும் திரும்பும். அண்ணன் கூப்பிட்டால் நடந்து வரும். அவர் 'ராணி' என்று கூப்பிடுவதே இல்லை, 'வாடா தங்கம்' என்பார். கொள்ளு வாளியின் கைப்பிடி கிணுங்கினால் யார் தூக்கியிருந்தாலும் ஓடி வரும்.